அருவாமனை மகளுக்கு, வீடு மகனுக்கா?

கேள்வி: என் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாகக் கூடை சுமந்து விற்றவர். அந்தக் காசில் வாங்கிய வீட்டை எனக்கு எழுதிவைத்தார். நான் அதை மகனுக்குக் கொடுக்கப் போகிறேன். பாட்டியோடு விடிகாலையில் காசிமேட்டுக்குப் போய் வளர்ந்த மகளுக்கு, பரம்பரை ஞாபகமாக அம்மாவின் அருவாமனை. கட்டிக்கொடுக்கிற பெண்ணுக்கு இரும்பு கொடுக்கக் கூடாது என்கிறார்களே, சரியா?
- பெயர் வேண்டாம், ராயபுரம்.

பதில்: இரும்பு இருக்கட்டும். 'பரம்பரை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் ராயபுரத்திலிருந்து! வடசென்னையில் அந்தச் சொல்லைச் சொன்னால் பழைய ஆட்கள் "சார்பட்டாவா, இடியாப்ப நாயக்கரா?" என்றுதான் கேட்பார்கள். குத்துச்சண்டைப் பரம்பரைகள். எனக்கு அந்தக் கதைகள் என்றால் உயிர். டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் "நம்ம பரம்பரை" என்று ஆரம்பித்தால், எப்போதோ விட்ட குத்து அவர் தோளில் இன்னும் துடிக்கும். கையிலிருக்கும் டீ ஆறிப்போகும், கதை ஆறாது. அங்கே ரத்த உறவு பெரிதில்லை. வாத்தியாரிடம் நின்று யார் கற்றானோ, அவன் அந்தப் பரம்பரை. வாத்தியார் மகனே ஆனாலும் கையுறை மாட்டாதவன் வேடிக்கை பார்க்கிறவன்தான்.

இந்தக் கணக்கை உங்கள் வீட்டில் போட்டுப் பாருங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து நேற்றைய மீனா இன்றைய மீனா என்று சொல்ல யாருக்குத் தெரியும்? நெத்திலியை மண்சட்டியில் கல்லுப்பு போட்டு உரசி அலச, ஏலத்தில் எந்த விலைக்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது என்று நிதானிக்க, ஏப்ரல் 15-இல் தொடங்கும் தடைக்காலத்தில் கருவாட்டை வைத்தே குடும்பத்தை ஓட்ட? இப்போது அது 61 நாள், லேசான காரியமில்லை. இதெல்லாம் பாட்டியோடு போனவளுக்குத்தான் தெரியும். உங்கள் அம்மாவின் பரம்பரை அவள்தான். அவளுக்கு ஞாபகப் பொருள், வீடு மட்டும் தம்பிக்கா?

பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது 1989-இல். நாடு முழுவதும் வர 2005 ஆனது. உங்கள் வீடு அந்தக் கணக்கில்கூட வராது. அது உங்கள் பெயரில் இருப்பது, யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஒன்றும் எழுதாமல் விட்டால் மகனுக்கும் மகளுக்கும் சரிசமப் பங்கு. அதாவது, மகளை விலக்க வேண்டுமென்றால் நீங்களே மெனக்கெட்டுப் பேனாவை எடுக்க வேண்டும்.

நான் இதை எழுதும்போதெல்லாம் "குடும்பத்தைப் பிரிக்கிறீர்கள்" என்று கடிதம் வரும். வரட்டும். என் அம்மாவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். தன் பங்கு வேண்டாம் என்று அம்மாவே சொல்வதாக அதில் எழுதியிருந்தது. பதிலுக்கு ஒரு பட்டுப்புடவை, அரக்கு நிறம். அம்மா அதை ஒரு நாளும் கட்டவில்லை. அவர் போன பிறகு பீரோவிலிருந்து எடுத்தேன். மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது, கையில் ஜரிகை மட்டும் வந்தது. குடும்பம் பிரியவில்லைதான். அம்மா மட்டும் அதற்கப்புறம் தன் பிறந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் போய்வந்தார்.

உங்கள் அம்மா வீட்டை மகளான உங்களுக்கு எழுதிவைத்தவர். படிப்பு வாசனை இருந்ததோ இல்லையோ, அதைச் செய்திருக்கிறார். நீங்கள் பத்திரத்தில் இரண்டு பிள்ளைகள் பெயரையும் போடுங்கள்.

அப்புறம், இரும்பு. அருவாமனையைத் தாராளமாகக் கொடுங்கள். சாணை பிடித்துக் கொடுங்கள்.