ஒரே இரவில் எழுதிய பைபிள்?

அன்புள்ள ஐயா,

‘சாத்தானின் பைபிள்’ எனப்படும் கோடெக்ஸ் கீகாஸ் என்ற பழைய கையெழுத்து நூல் பற்றி யூடியூபில் ஒரு காணொளி பார்த்தேன். உயிரோடு சுவரில் வைத்துக் கட்டப்படவிருந்த துறவி ஒருவர், சாத்தானின் உதவியால் ஒரே இரவில் அதை எழுதி முடித்தாராம். சாத்தான் படம் உள்ள பக்கம் கருத்துப்போயிருப்பதே சாட்சி என்கிறார்கள். முழுவதும் ஒரே கையெழுத்து என்று ஆய்வாளர்களே சொல்கிறார்களாமே?

ர., கோவை

அன்புள்ள ர.,

ஒரே கை என்பது சரி. ஒரே இரவு என்பதுதான் இடிக்கிறது.

இப்போது எஞ்சியிருப்பவை 310 தோல் தாள்கள், 620 பக்கங்கள். பக்கத்துக்கு, செய்தித்தாளில் போல, இரண்டு பத்தி; பத்திக்குப் பெரும்பாலும் 106 வரிகள். இரவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கொடுத்தாலும் ஒரு பக்கத்தின் 212 வரிகளுக்கு 70 வினாடிதான் கிடைக்கும். சாத்தானே எழுதியிருந்தாலும் மை காய்ந்திருக்காது.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) உருவான நூல் இது. உயரம் 92 சென்டிமீட்டர், எடை 75 கிலோ. ஒரு விலங்கின் தோலில் இரண்டு தாள் தேறினாலே அதிகம் என்பதால், 150க்கு மேற்பட்ட விலங்குகள் தேவைப்பட்டிருக்கும். தோலைப் பதப்படுத்தி, சுரண்டி, ஓரத்தில் துளையிட்டு, துளைக்குத் துளை கோடிழுத்த பிறகுதான் முதல் எழுத்தே. நாளுக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் எழுத்துக்கு மட்டும் ஐந்து ஆண்டு. கோடும் அலங்காரமும் சேர்த்தால் இருபது, முப்பது ஆண்டு ஆகியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எனக்கு மலைப்பாக இருப்பது இதுதான். அத்தனை ஆண்டுகளில் அவர் கண் மங்கியிருக்காதா? கையெழுத்தில் அது தெரியவே இல்லை.

சுவர்க்கதை எங்கிருந்து வந்தது? நூலிலுள்ள இறந்தோர் பட்டியலில் ‘ஹெர்மானுஸ் இன்க்ளூசுஸ்’ என்றொரு பெயர் இருக்கிறது. இன்க்ளூசுஸ் என்றால் அடைபட்டவர். தவத்துக்காகத் தாமே அறைக்குள் அடைந்துகொண்டவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். அதைத் தண்டனை என்று பிற்காலத்தார் படித்துவிட்டார்கள் போலும்.

சாத்தான் படமும் தனியாக வந்து உட்காரவில்லை. முதலில் பாவ அறிக்கை, அடுத்து 289ஆம் தாளின் பின்பக்கத்தில் ஆளே இல்லாத விண்ணக நகரம், அதற்கு நேரெதிரே 290இல் அவன்: பச்சை முகம், சிவந்த கொம்புகள், அரசர்களுக்கே உரிய எர்மின் மென்மயிர்த் தோலில் ஒரு கோவணம்! அவனைத் தாண்டினால் பேயோட்டும் மந்திரங்கள், திருடனைக் கண்டுபிடிக்கும் மந்திரம்கூட உண்டு.

1648இல் ஸ்வீடன் படை இந்த நூலைப் பிராகிலிருந்து கொள்ளையடித்துப் போனது. 1697இல் ஸ்டாக்ஹோம் அரண்மனை எரிந்தபோது ஜன்னல் வழியாக வீசித்தான் காப்பாற்றினார்கள்.

கருமைக்கு வருகிறேன். வெளிச்சம் பட்டால் தோல் நிறம் மாறும். நூற்றாண்டுக் கணக்கில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் திறக்கச் சொன்னது அந்த ஒரு பக்கத்தைத்தான். முழு நூலும் ஸ்வீடன் தேசிய நூலகத்தின் தளத்தில் இருக்கிறது. 290க்குப் போகுமுன் வேறு ஏதாவது ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி, ஒரு பத்தியின் வரிகளை மட்டும் எண்ணிப் பாருங்கள்.