பிக் லோக்கல்: குடியிருப்பவர்கள் கையில் பணம் (கேள்வி பதில்)

கேள்வி: பிக் லோக்கல் என்பது அரசு மானியமா?

இல்லை, பிரிட்டனின் தேசிய லாட்டரிப் பணம். தங்கள் பகுதிக்கு அதை எப்படிச் செலவழிப்பது என்று குடியிருப்பவர்களே முடிவுசெய்த திட்டம் இது. இங்கிலாந்தில் அதுவரை நிதி அதிகம் எட்டிப் பார்க்காத 150 பகுதிகளை 2010 முதல் 2012-க்குள் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 10 லட்சம் பவுண்டு ஒதுக்கினார்கள். தொகையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவகாசம்தான். 10, 15 ஆண்டுகள்! நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி கிடையாது. முடிவெடுக்கும் குழுவில் பாதிக்கு மேல் அங்கேயே குடியிருப்பவர்கள்.

கேள்வி: எங்கள் பகுதிக்கு எப்படி விண்ணப்பிப்பது?

முடியாது. 2012-க்குப் பிறகு புதிய பகுதிகளைச் சேர்க்கவில்லை.

கேள்வி: எங்கள் வட்டாரக் குழுவுக்கு வேறு வழியில் நிதி வந்திருக்கிறது. முதலில் சமூகக் கூடம் கட்டலாமா?

அவசரப்படாதீர்கள். கட்டுவது ஒரு தடவைச் செலவு. கூரை, மின்சாரம், காப்பீடு எல்லாம் வருடா வருடம் வரும். யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பெயர் சொல்ல முடிந்த பிறகு செங்கல் வாங்குங்கள்.

கேள்வி: அனுபவமில்லாதவர்களிடம் கொடுத்தால் பணம் காணாமல் போகாதா?

பிக் லோக்கலில் பணம் யாருடைய சொந்தக் கணக்குக்கும் போகவில்லை. லோக்கல் டிரஸ்ட் என்ற அமைப்பு மொத்த நிதியைக் காத்தது. ஊர்க்குழு நம்பித் தேர்ந்தெடுத்த ஓர் உள்ளூர் நிறுவனம் அதை வாங்கிக் கணக்குக் காட்டியது. நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு: ஐந்தாறு பேர் மேலேயே முழுப் பாரமும் விழுந்து, அவர்கள் களைத்துப் போவது. முதல் இரண்டு வருடம் பேச்சும் சண்டையுமாகவே போகலாம். அது வீண் இல்லை, நம்பிக்கை அப்படித்தான் வளர்கிறது. 1998-இல் தொடங்கிய 'நியூ டீல் ஃபார் கம்யூனிட்டீஸ்' என்ற அரசுத் திட்டம் இங்கிலாந்தில் 39 பகுதிகளுக்குத் தலா சுமார் 5 கோடி பவுண்டு கொடுத்தது. அங்கே செலவு இலக்கு துரத்தியதில் இந்தப் பேச்சுக்கு நேரம் குறைந்தது.

கேள்வி: தேர்தலில் வென்ற கவுன்சிலர்களை ஒதுக்குவது ஜனநாயகமா?

நியாயமான கேள்வி. ஆனால் யாரும் ஒதுக்கவில்லை. பிரிஸ்டல் நகரில் பிக் லோக்கல் பகுதியான லாரன்ஸ் வெஸ்டன் மக்களின் அமைப்பு 150 மீட்டர் உயரக் காற்றாலையை நிறுவி 2023 முதல் ஓட்டுகிறது. வருமானம் அந்தப் பகுதிக்கே திரும்புகிறது. யோசனை குடியிருப்பவர்களுடையது, திட்ட அனுமதி கவுன்சில் கொடுத்தது.

கேள்வி: காற்றாலை விதிவிலக்கு. மற்ற இடங்களில் சத்தமாகப் பேசுகிறவர்கள்தானே குழுவில்?

சில இடங்களில் அப்படித்தான், மறுக்க மாட்டேன். கூட்டத்துக்கு வராதவர்களின் கதவைத் தட்டாத குழு மக்கள் குழுவே இல்லை. கவுன்சிலர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

கேள்வி: விண்ணப்பப் படிவம் எங்கே?

மேலே சொல்லிவிட்டேன், படிவம் இல்லை.

கேள்வி: பணம் தீர்ந்த பிறகு?

அதைக் கடைசி வருடத்தில் கேட்காதீர்கள். பாதியிலேயே கேளுங்கள். அப்புறம், சொத்து வாங்குவதாக இருந்தால் முன்பு சொன்ன கூரைச் செலவை மறந்துவிடாதீர்கள்.