கோலார் தங்கவயல் சுற்றிப் பார்க்கப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன். தாத்தாவும் அப்பாவும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். ஊரைப் பார்க்க வருகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பாதிப் பேருக்குச் சுரங்கம் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துப் பார்க்காமல் திரும்பிப் போகாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

ஆவடி வாசகர்: 'கே.ஜி.எஃப்' படம் பார்த்ததிலிருந்து சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்க ஆசை. அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்?

யாரிடமும் வாங்க முடியாது. சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. பம்புகள் நின்றதும் கீழ்ச் சுரங்கங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். குளிரூட்டிய காற்றைக் கீழே தள்ளித்தான் ஆட்கள் வேலை செய்தார்கள். இப்போது அங்கே காற்றும் கிடையாது, விளக்கும் கிடையாது. "நான் உள்ளே கூட்டிக்கிட்டுப் போறேன் சார்" என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். ஷாப்டுக்கு, அதாவது ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் குழிக்கு, மேலே நிற்கும் இரும்புக் கோபுரங்களைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். வேலி தாண்டாதீர்கள், பழைய ஷாப்டுகளின் விளிம்பு எப்போது இடியும் என்று சொல்ல முடியாது.

அப்புறம் அந்தப் படம். அதில் வரும் அடிமைக் கூடாரம் எங்கள் ஊர்க் கதை இல்லை. 1880 முதல் இங்கே சுரங்கம் நடத்தியது ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி. 1956-ல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, 1962-ல் மத்திய அரசுக்குப் போனது. கொடுமை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தொழிலாளர்கள் வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. கைரேகை பதிந்தாக வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது 1930-ல் வேலைநிறுத்தம் செய்து நிறுத்திக் காட்டிய ஊர் இது.

பெங்களூரு வாசகி: ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் கிடைக்கும். எங்கே தொடங்கலாம்?

காரை வீட்டில் விட்டுவிட்டு மாரிக்குப்பம் ரயிலில் வாருங்கள். பங்காருப்பேட்டையில் பிரியும் இந்தக் கிளைப்பாதையே சுரங்கத்துக்காக 1894-ல் போட்டதுதான். கோரமண்டல், ஊரிகாம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று நிலையங்கள் வரிசையாக வரும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் பங்காருப்பேட்டையில் இறங்கி மாறலாம். எல்லா எக்ஸ்பிரஸும் அங்கே நிற்காது, பார்த்து டிக்கெட் எடுங்கள்.

ஊரிகாமில் இறங்கி நடங்கள். முதலில் துரைமார் பங்களாக்கள்: ஓட்டுக் கூரை, நீண்ட வராந்தா, வீட்டைவிடப் பல மடங்கு பெரிய தோட்டம். பக்கத்திலேயே கிளப், கோல்ஃப் மைதானம். இதனால்தான் "குட்டி இங்கிலாந்து" என்று பேர். அதோடு திரும்பிவிட்டால் ஊரில் பாதியைப் பார்த்ததாகத்தான் கணக்கு. அங்கிருந்து தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போங்கள். ஒரு அறை, குனிந்து நுழைய வேண்டிய வாசல். அந்தக் காலத்தில் மூங்கில் தட்டியே சுவர், பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். பலர் பிறகு செங்கல்லும் ஷீட்டும் வைத்துக் கட்டிக்கொண்டார்கள். இன்றும் சில வரிசைகளில் தட்டியின் மேல் பூசிய மண் உதிர்ந்து, உள்ளே மூங்கில் பிளாச்சு தெரியும். ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் அவை. படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் உட்காரவைத்து டீ கொடுக்கிற ஊர்தான்.

போகிற வழியில் மின்கம்பங்களையும் கொஞ்சம் கவனியுங்கள். 1902-ல் காவிரிக் கரையில் உள்ள சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் விளக்கு எரிந்தது. உங்கள் ஊர்க்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

சேலத்திலிருந்து ஒரு புகைப்படக்காரர்: சைனைடு மேட்டில் ஏறலாமா?

அவை இயற்கைக் குன்றுகள் இல்லை. பாறையை மாவாக அரைத்து, சைனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு. 13 மேடுகள் இருக்கின்றன. கையில் எடுத்தால் கோலமாவு மாதிரி நழுவும். அவ்வளவு நுண்ணிய தூசி என்பதுதான் ஆபத்தே. சைனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்துவிடும், பாறைத் தூளில் உள்ள சிலிக்கா சிதையாது. கீழே வேலை பார்த்த எத்தனையோ பேரின் நுரையீரலை வாங்கியதும் இதே சிலிக்காதான். காற்று அடிக்கிற கோடையில் மேட்டுப் பக்கம் உள்ள வீடுகளில் சாப்பாட்டுத் தட்டைக்கூட மூடித்தான் வைப்பார்கள்.

மழைநீர் அரித்து மேட்டின் உடம்பெல்லாம் ஆளுயரப் பள்ளங்கள். ஓரம் கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் சரியும். அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள். காலை வெயிலில் சாலையில் நின்று எடுத்தாலே அந்த வரிவரியான நிழல் கிடைக்கும். கழிவில் மிச்சமிருக்கும் தங்கத்தை மறுபடி எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் கர்நாடக அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. மேடுகள் எத்தனை காலம் இருக்குமோ, படம் எடுப்பதாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

திருவண்ணாமலை வாசகர்: கர்நாடகாவில் இருந்தும் அங்கே ஏன் இவ்வளவு தமிழ்?

சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். உங்கள் மாவட்டத்தின் பழைய கிராமங்களில் விசாரித்தால் "எங்க பெரியப்பா தங்கவயல்ல இருந்தார்" என்று ஒருவராவது சொல்வார். அவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். சாதியை எதிர்த்துப் பௌத்தம் பரப்பிய அயோத்திதாசப் பண்டிதரின் சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. பண்டிதர் 1914-ல் மறைந்தார். அவர் சென்னையில் நடத்திய 'தமிழன்' இதழ் பிற்பாடு ஜி. அப்பாதுரையார் பொறுப்பில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்து அச்சுக்கோத்த ஊர் என்று நான் பெருமையடித்துக்கொள்வது இதனால்தான். பாண்டு வாத்தியமும் கால்பந்தும் இன்னொரு நாள் எழுத வேண்டிய விஷயம்.

இயற்பியல் மாணவி: நியூட்ரினோ ஆராய்ச்சி நடந்த இடத்தைப் பார்க்க முடியுமா?

முடியாது, அதுவும் நிலத்தடியில்தான். சாம்பியன் ரீஃபில் 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் டாடா ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் குழுக்கள் சேர்ந்து கருவிகளை வைத்திருந்தன. வளிமண்டலத்தில் உருவாகி, பாறையையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயம் 1965-ல் அங்கே பதிவானது. மற்ற காஸ்மிக் கதிர்களை மேலே உள்ள பாறை தடுத்துவிடும் என்பதற்காகத்தான் அவ்வளவு ஆழம் போனார்கள்.

மேலே பார்க்கக்கூடிய அறிவியல் வேண்டுமானால் பெத்தப்பள்ளிக்குப் போங்கள். கடலுக்கடியில் கக்கிய எரிமலைக் குழம்பு சட்டென்று குளிர்ந்து, தலையணை தலையணையாக உறைந்த பாறைகள். இந்தப் பாறைப் பட்டையின் வயது ஏறக்குறைய 270 கோடி ஆண்டுகள். இந்திய புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்த இடம், சுத்தியல் கொண்டுபோகாதீர்கள்.

தஞ்சாவூர் வாசகர்: கோலார் வரை வந்தால் சோழர் தடம் ஏதாவது உண்டா?

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கோலார் நகரம் தங்கவயலிலிருந்து 30 கிலோமீட்டர். கல்வெட்டுகளில் அது குவளாலம், நாடு நிகரிலிச்சோழ மண்டலம். கோலாரம்மா கோயிலுக்குப் போங்கள். சுவரில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, அம்மனை "பிடாரியார்" என்று குறிப்பிடுபவை. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் எழுத்து புடைத்துத் தெரியும். உச்சி வெயிலில் போனால் வெறும் கல்தான். உள்ளேயே தேளம்மாள் ஒருத்தி இருக்கிறாள், சேளம்மா என்பார்கள். விஷக்கடி அண்டாது என்று நம்பிக்கை. பக்கத்திலேயே சோமேசுவரர் கோயில், அது விஜயநகர காலத்தது. கல்யாண மண்டபத் தூண்களுக்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

இன்னொரு நாள் இருந்தால் முல்பாகல் பக்கம் ஆவனி. ராமலிங்கேசுவரர், லட்சுமணேசுவரர், பரதேசுவரர், சத்ருக்னேசுவரர் என்று அண்ணன் தம்பி எல்லாருக்கும் தனித்தனிச் சன்னதி. நுளம்பர் என்ற அரச மரபினர் காலத்துக் கட்டடங்கள். மேலே பாறை ஏறினால் சீதை கோயில். என்னைக் கேட்டால் கோலாரைவிட ஆவனிக்குத்தான் என் ஓட்டு, கூட்டமே இருக்காது. பங்காருப்பேட்டைக்குத் தெற்கே ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டை. கோட்டை பெரிதாக மிஞ்சவில்லை, வழியில் இருந்தால் மட்டும் நிறுத்துங்கள்.

ஓசூர் வாசகர்: காடு, பறவை, யானை ஏதாவது பார்க்கலாமா?

யானை உங்கள் பக்கத்திலிருந்துதானே வந்தது! 1980-களில் ஓசூர், ஆனேக்கல் காடுகளிலிருந்து கிளம்பிய கூட்டங்கள், பல தலைமுறைகளாக யானையே இல்லாதிருந்த சித்தூர்க் காடுகளுக்குள் போய்ச் சேர்ந்தன. அதையொட்டி ஆந்திராவில் 1990-ல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. பலமநேர், குப்பம் சாலையில் கைகல் அருவி இருக்கிறது, மழைக்குப் பிறகு போனால் அழகு. பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் கிடைக்கும். தென்னிந்தியக் கற்குன்றுகளைவிட்டு வேறெங்கும் இல்லாத பறவை.

யானையைத் தேடி மட்டும் போகாதீர்கள். காமசமுத்திரம் பக்கத்து விவசாயிகளுக்கு அது வேடிக்கை இல்லை, ராத்திரி முழுக்க ராகிக் கொல்லையில் காவல் இருக்கிறவர்கள். சாயங்காலத்துக்குப் பிறகு காட்டை ஒட்டிய சாலைகளில் பைக் ஓட்டாதீர்கள்.

நிதானமாகப் பறவை பார்க்க வேண்டும் என்றால் பேத்தமங்கலம் ஏரி. பாலாற்றின் குறுக்கே உள்ளது, தங்கவயலுக்குக் குடிதண்ணீர் கொடுத்ததும் அதுதான். தண்ணீர் இருக்கும் வருடம் நீர்க்காகமும் நாரையும் நிறைய. நம் வாணியம்பாடிக்கு வரும் அதே பாலாறு. ஏரி வறண்ட வருடம் போனால் கிரிக்கெட் மேட்ச்தான் பார்க்கலாம்.

வேலூரிலிருந்து ஒரு அம்மா: மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் கூட வருகிறார்கள். அந்தரகங்கை ஏறச் சொல்கிறார்கள், முடியுமா?

அந்தரகங்கை கோலார் நகரத்தை ஒட்டிய மலையில் உள்ள ஊற்று, அதுவரை படிக்கட்டு இருக்கிறது அக்கா. மாமியார் நின்று நின்று ஏறிவிடலாம், கல் நந்தியின் வாயிலிருந்து தண்ணீர் விழுவதைப் பார்க்கலாம். அதற்கு மேலே உள்ள பாறைக் குகைகள் பிள்ளைகளுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் மட்டும். முட்டி வலி இருந்தால் படியே வேண்டாம், தங்கவயலுக்குப் பக்கத்தில் கம்மசந்திரா கோடிலிங்கேசுவரர் கோயில் சமதளம், 108 அடி லிங்கத்தைப் பிள்ளைகளும் வாய் பிளந்து பார்ப்பார்கள். அந்தரகங்கையில் குரங்குத் தொல்லை அதிகம். புளிசாதப் பொட்டலத்தை வண்டியிலேயே வைத்துவிடுங்கள், கையில் பிளாஸ்டிக் பையும் வேண்டாம்.