யூதர்களைப் பற்றிய கத்தோலிக்கத் திருச்சபையின் பார்வை எப்போது மாறியது?

ரொம்பத் தாமதமாகத்தான். யூதர்கள் தனி அடையாள உடை அணிய வேண்டும் என்று 1215இல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. 1555இல் போப் நான்காம் பவுல் ரோம் யூதர்களைச் சுவர் சூழ்ந்த தனிக் குடியிருப்புக்குள் அடைத்தார். இரவானால் கதவைப் பூட்டிவிடுவார்கள், ஆண்களுக்கு மஞ்சள் தொப்பி கட்டாயம். இயேசுவைக் கொன்றவர்கள் என்ற பழியும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

நாஜிப் படுகொலைக்குப் பிறகுதான் மனசாட்சி உறுத்தியது. அதில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்த பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் இசாக், 1960இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், போப் 23ஆம் யோவானை நேரில் சந்தித்து, யூதர்கள் மீது பழி போடும் திருச்சபைப் போதனையைத் திருத்தச் சொன்னார். இந்த வரலாற்றில் நான் பெரிதும் மதிக்கும் மனிதர் அவர். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் மரணத்துக்கு யூதர்கள் எல்லோரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று அறிவித்தது. அப்புறமும் 21 ஆண்டுகள் கழித்துத்தான் போப் இரண்டாம் யோவான் பவுல் ரோமின் யூதத் தொழுகைக்கூடத்துக்குப் போனார்.