1900-களில் ரங்கூன் தமிழர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்தார்கள், கைவைத்தியமா ஆஸ்பத்திரியா?

யாங்கோனில், அதாவது அன்றைய ரங்கூனில், பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் கேட்ட இரண்டும் இருந்தன, ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கைகொடுத்தது மூன்றாவதாக ஒன்று, கடையில் காசு கொடுத்து வாங்கி மடியில் முடிந்துகொள்கிற சின்ன டப்பாவும் பொட்டலமும்.

காரணம், அன்றைய ரங்கூன் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்களின் ஊர். சென்னையில் கப்பலேறி வந்தவர்களில் பெண்கள் ரொம்பக் குறைவு. செட்டியார் கடை ஆட்கள் மொகல் தெருக் கிட்டங்கிகளில், அதாவது கடையும் தங்குமிடமும் ஒன்றான கட்டடங்களில், இருந்தார்கள், கூலிக்கு வந்தவர்கள் மேஸ்திரி காட்டிய அறையில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்தார்கள். நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு வந்தவனுக்குச் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டு, எட்டுக்கு ஒன்றாய் வற்றக் கசாயம் காய்ச்சிக் கொடுக்க யார் இருந்தார்கள்?

டைகர் பாம் இந்த ஊரில் பிறந்ததுதான் என்பது பலருக்குத் தெரியாது, சிங்கப்பூர்ச் சரக்கு என்றே நினைக்கிறார்கள். சீனாவின் ஃபூஜியனிலிருந்து வந்த ஆவ் சூ கின் என்ற மூலிகை வைத்தியர் 1870-களில் ரங்கூனில் 'எங் ஆன் தொங்' என்ற மருந்துக் கடையைத் தொடங்கினார். அவர் 1908-இல் இறந்த பிறகு மகன்கள் பூன் ஹாவும் பூன் பாரும் அந்தத் தைலத்தைப் பெரிய வியாபாரமாக்கி, 1926-இல் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள். கற்பூரம், புதினா உப்பு, கிராம்புத் தைலம், இப்படி நமக்குப் பழகிய வாசனைதான். அடுப்பு வேண்டாம், பத்தியம் வேண்டாம், விரல் நுனியில் தொட்டு நெற்றிப்பொட்டிலும் இடுப்பிலும் தேய்த்துக்கொண்டு படுத்துவிடலாம். தனி ஆளுக்கு இதைவிடத் தோதான மருந்து எது? அது இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்தது கொய்னா. பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அந்த ஆட்சியில் மலேரியாவுக்கான கொய்னாப் பொட்டலத்தைத் தபால் நிலையத்திலேயே காலணாவுக்கு விற்கும் ஏற்பாடு 1890-களில் வங்காளத்தில் தொடங்கி மற்ற மாகாணங்களுக்கும் போனது. காகிதப் பொட்டலம், உள்ளே கடும் கசப்பாய் ஒரு வேளைத் தூள். ஊருக்குப் பணம் அனுப்பப் போகிறவன் போகிற இடத்திலேயே மருந்தும் கிடைக்கும்படி செய்தது நல்ல யோசனை, இன்றைக்குக்கூட நம் கிராமங்களுக்கு அப்படி ஒன்று தேவை.

சரி, குடும்பத்தோடு வந்தவர்கள்? அவர்கள் வீட்டில் ஊர் வழக்கம் அப்படியே இருந்தது. என் அப்பத்தா சொல்வது, குழந்தைக்கு வயிறு உப்பினால் வசம்பை விளக்கில் சுட்டு, கல்லில் இழைத்து, அந்தக் கரியைத் தொப்புளைச் சுற்றித் தடவுவார்களாம். பிரசவத்துக்கு மருத்துவச்சிதான் வீட்டுக்கு வருவார். அம்மை போட்டால் வேப்பிலையும் மாரியம்மன் வேண்டுதலும்தான், மருந்து என்ற பேச்சே கிடையாது. அது பல உயிர்களைக் கொண்டுபோனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், தடுப்பூசி அப்போதே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கடைசியில்தான் போனார்கள், போனால் திரும்ப மாட்டோம் என்ற பயம். 1905-இல் பிளேக் வந்தபோது அந்தப் பயம் இன்னும் கூடியிருக்கும். ரங்கூன் ஜெனரல் ஆஸ்பத்திரியின் செங்கல் கட்டடம் 1911-இல் வந்தது. ஏழைத் தொழிலாளி தயங்காமல் போக, 1921-இல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் இலவச ஆஸ்பத்திரி பெரிய ஆறுதல்.

அப்புறம், பர்மியர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது தனக்கா என்ற மரப்பட்டைப் பூச்சு. கட்டையை வட்டக் கல்லில் தண்ணீர் விட்டு, சந்தனம் இழைப்பதுபோல் இழைத்து வெயிலுக்கும் வேர்க்குருவுக்கும் பூசுவது. எங்கள் வீட்டுப் பெண்கள் இன்றும் பூசுகிறார்கள், பர்மாவிலிருந்து திரும்பித் தமிழ்நாட்டில் குடியேறிய குடும்பங்களிலும் பார்க்கலாம்.