உலக்கைத் துப்பாக்கி

அன்புள்ள சார்,

பென்சில்வேனியாவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இங்கே நாசரேத் என்ற ஊரில் இருக்கும் லாங்ரைபிள் (நீள்குழல் துப்பாக்கி) மியூசியத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஒரே நினைப்பு. குழல்வாய் வழியாக வெடிமருந்து திணித்துச் சுடும் அந்தக் காலத்துத் துப்பாக்கி ஒன்றை வீட்டிலேயே செய்ய வேண்டும். எந்த கிட் (பூட்டிச் சேர்க்கும் பாகங்களின் தொகுப்பு) வாங்கலாம்? மருந்தைப் பற்றவைக்கச் சக்கிமுக்கிக் கல்லா, அடித்தால் வெடிக்கும் சின்ன மூடியான கேப்பா? எந்த காலிபர், அதாவது குழல் துளை எவ்வளவு அகலம்? மலிவான கிட்டில் துப்பாக்கியின் மரக்கட்டை தடியாக வருகிறது, செதுக்க வேண்டியது நிறைய. ஒஹையோவின் கிப்ளர் கிட்டில் கணினி இயந்திரமே முக்கால்வாசி முடித்துத் தந்துவிடுகிறது. அதை வாங்கிப் பூட்டிவிட்டு ‘நான் செய்தது’ என்று சொன்னால் ஏமாற்று இல்லையா? மனைவிக்கு வீட்டில் துப்பாக்கி என்றாலே பிடிக்கவில்லை.

ர.

(கடிதம் நான்கு பக்கம். சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்கி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற வேலை. அதனால்தான் உடனே பதில். இல்லாவிட்டால் மூன்று மாதம் ஆகியிருக்கும்.

கல்லா கேப்பா என்ற கேள்விக்கு உங்கள் மாநிலமே பதில் சொல்லிவிட்டது. டிசம்பர் 26-இல் தொடங்கும் பழைய வகைத் துப்பாக்கி மான் சீசனில் கல் மட்டும்தான். 1974-இல் அந்த சீசன் வந்ததிலிருந்தே கல்தான். 44 காலிபருக்குக் கீழே மானுக்கு ஆகாது, 50 வாங்குங்கள். மனைவி விஷயம் உங்கள் வீட்டு வழக்கு, நான் வரவில்லை. ஆனால் மருந்தைச் சமையலறைப் பக்கம் வைத்தீர்கள் என்றால் நான் அவர் கட்சி. அப்புறம், ஊரில் இருந்து இதைப் படிக்கிற தம்பிகளுக்கு: அமெரிக்க மத்தியச் சட்டம் இந்த வகையைப் பழம்பொருளாகப் பார்க்கிறது. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். ஆர்வக்கோளாறு வேண்டாம்.

இப்போது அந்த ‘ஏமாற்று’க்கு வருகிறேன். படித்ததும் கோபம் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் உங்கள் மாநிலத்து லங்காஸ்டர் பக்கம் இந்தத் துப்பாக்கியை உருவாக்கிய ஜெர்மன், சுவிஸ் கைவினைஞர்களை நீங்கள் என்னவென்று நினைத்திருக்கிறீர்கள்? காட்டில் உட்கார்ந்து இரும்பை உருக்கினார்கள் என்றா? லாக் என்கிற அந்தச் சுடுபொறியை, கல்லைக் கவ்வும் குதிரையும் பொறி விழும் கிண்ணமும் வில்லுமாக, இங்கிலாந்திலிருந்து வந்த சரக்கில் வாங்கிப் போட்டவர்கள் ஏராளம். குழலையும் பலர் துளை போடும் ஆலையில் வாங்கினார்கள். அவர்களுக்கு இல்லாத கூச்சம் உங்களுக்கு எதற்கு? கிப்ளர் கிட் வாங்குங்கள். மலிவு கிட் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், இதை நான் பட்டு அறிந்தவன்.

2004-இல் ஒரு மலிவு கிட் வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம். கட்டை குண்டாக வந்தது. கையேட்டில் ‘விருப்பத்துக்கேற்ப மெலிதாக்கிக்கொள்ளவும்’ என்று ஒரே ஒரு வரி. எனக்கு விருப்பம் இருந்தது, தைரியம் இல்லை. இரண்டு தள்ளு அரம் போடுவேன், நிறுத்துவேன், உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பேன். உப்புத்தாள் கோழைகளின் கருவி. தேய்த்தால் பளபளக்கும், வடிவம் வராது. கடைசியில் சாயம் ஏற்றி, மாட்டி, நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்லா இருக்கு என்றார்கள்.

அந்த நவம்பரில் அப்பா ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்தார். அப்பா தச்சர். எங்கள் ஊருக்கு எட்டு மைலில் நம்ம தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்; இங்கேயும் ஒரு நாசரேத் என்றதும் அவருக்கு அமெரிக்கா பாதி சொந்தமாகிவிட்டது. துப்பாக்கியைக் கையில் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை அடியிலிருந்து நுனி வரை ஓட்டினார்.

“ஏல, இது என்னது, உலக்கையா?”

மறுநாள் காலை நான் எழுந்து போய்ப் பார்த்தால் அது கராஜில் வைஸில் (திருகி இறுக்கும் பிடிப்பில்) இருக்கிறது, லாக் தனியாகக் கழற்றிக் கிடக்கிறது. துப்பாக்கி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரே கேள்விதான் கேட்டார்: “எங்க பிடிப்ப?” தோளில் வைக்கச் சொன்னார். கன்னம் பட்ட இடத்தில், இடது கை தாங்கிய இடத்தில், சாக்பீஸால் கோடு போட்டார். அப்புறம் அரம். உப்புத்தாளைத் தொடவே இல்லை.

லாக்கைத்தான் சொல்ல வேண்டும். நான் பொருத்தியதில் கிண்ணத்துக்கும் குழலுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி. கிண்ணத்து மருந்து அதில் ஒழுகும், பொறி விழுந்தாலும் உள்ளே தீ போகாது. அப்பா ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, லாக் தகட்டின் உள்பக்கத்தை அந்தப் புகையில் காட்டினார். கரி படிந்ததும் மரத்துப் பள்ளத்தில் வைத்து ஒரு அமுக்கு. எடுத்தால் மரத்தில் இரண்டு மூன்று கரும்புள்ளி. “கரி ஒட்டின எடத்த மட்டும் சொரண்டு. ஒட்டாத எடம் ஒனக்கு எதிரி இல்ல.” சுரண்டினேன். மறுபடி புகை, மறுபடி அமுக்கு, மறுபடி உளி முனை. எழுபது எண்பது தடவை இருக்கும். தகடு கடைசியில் குழலோடு போய் ஒட்டிக்கொண்டது. லங்காஸ்டர் கைவினைஞர்கள் செய்ததும் இதே விளக்குக்கரி வேலைதான் என்று பிறகு படித்தேன். அப்பாவிடம் சொன்னபோது, “வேற எப்படிச் செய்வான்?” என்றார்.

மூன்று வாரத்தில் முன்பக்கக் கட்டை பாதியாகிவிட்டது. பழைய துப்பாக்கிகளில் குழலை ஒட்டிய மரம் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்திருக்கும். அப்பா மியூசியம் பார்க்கவில்லை, அவர் கை அங்கேதான் போய் நின்றது. தரையில் கிடந்த தூளையும் சீவலையும் கூட்டி ஒரு பழைய பிரெட் உறையில் அள்ளி என் முன்னால் வைத்தார். “இவ்வளவும் நீ பயந்தது” என்றார். உறை நிரம்பியிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன். இயந்திரம் வெட்டிய கட்டை உங்களுக்கு வேலையை மிச்சப்படுத்துவதற்காக அல்ல. மரம் எங்கே முடிய வேண்டும் என்பதை முதலில் உங்கள் உள்ளங்கை ஒருமுறை தெரிந்துகொள்ளட்டும். எனக்கு அப்பா இருந்தார், உங்களுக்கு கராஜில் யார் இருக்கிறார்கள்? அடுத்த துப்பாக்கியை முழுக்கட்டையிலிருந்து செய்யுங்கள், நானே வந்து வைஸைத் திருகுகிறேன்.

கேட்காத ஒன்று. கட்டையின் மேப்பிள் மரத்துக்குப் பழைய முறையில் சாயம் ஏற்றுவது இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலத்தால். பூசி உலர்ந்ததும் பச்சைப் பாசி பிடித்ததுபோல நிற்கும், வயிற்றைக் கலக்கும். பயந்து தேய்த்துவிடாதீர்கள். வெப்பக் காற்று காட்டினால் கண் முன்னாலேயே பழுப்பாகி வரி வரியாக எழும்பும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

சாயம் ஏற்றியதும் படம் அனுப்புங்கள். கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்.