சுயேச்சைகள் மட்டுமே நிற்கும் ஊராட்சி: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் கோத்தகிரி பக்கம். 2019 ஊராட்சித் தேர்தலில் இங்கே தலைவருக்கும் வார்டுக்கும் நின்றவர்கள் அத்தனை பேரும் சுயேச்சைகள். அடுத்த தேர்தலில் என் அக்கா தலைவர் பதவிக்கு நிற்க நினைக்கிறார். கட்சி பின்னால் இல்லாமல் ஜெயிக்க முடியுமா? ஜெயித்தாலும் வேலை நடக்குமா?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் சட்டப்படியே கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் பதவிகளுக்குத்தான் உண்டு. ஆகவே அக்காவை எதிர்த்து நிற்பவரும் சுயேச்சைதான். தலைவருக்கு 2019-ல் டெபாசிட் 600 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்கு 300. செலவு வரம்பு 34,000. முதலில் இட ஒதுக்கீட்டில் தலைவர் பதவி யாருக்கு ஒதுக்கப்படுகிறது என்ற அறிவிப்பு வரட்டும்.

சிரமம் சின்னத்தில் இருக்கிறது. வாபஸ் முடிந்த பிறகுதான் அது கைக்கு வரும். 2019-ல் வாபஸ் டிசம்பர் 19, முதல் கட்ட ஓட்டுப்பதிவு 27. அந்த எட்டு நாளில் ஒவ்வொரு ஹட்டிக்கும் (படுகர் ஊர்) ஒவ்வொரு லயனுக்கும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) சின்னம் போய்ச் சேர வேண்டும். உறைபனிக் காலைகளில் அலைவதைவிட, பறித்த தேயிலையை எடை போட்டு ஜனங்கள் வீடு திரும்பும் சாயங்காலம் போவது பலன் தரும். சின்னத்தை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். வாக்காளர் கையில் நாலு ஓட்டுச்சீட்டு இருக்கும்: வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். "ரோஸ் சீட்டில் இந்தச் சின்னம்" என்று நிறத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் நிற்கும்.

ஓட்டுச்சீட்டில் குத்தும் முத்திரை இரண்டு சின்னத்துக்கும் நடுக்கோட்டில் விழுந்தால் யாருக்கென்று தெரியாது, ஓட்டு செல்லாது. ஈர மையோடு மடித்ததில் எதிர்ப்பக்கச் சின்னத்திலும் தடம் ஒட்டிக்கொள்வது வேறு விஷயம். அம்புக்குறி முத்திரையின் ஒட்டுத்தடம் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவது போல இருக்கும். அசல் எது, ஒட்டியது எது என்று பிரித்துவிடலாம், அந்த ஓட்டைத் தள்ளக் கூடாது. எண்ணும் மேஜையில் இதைக் கேட்டு வாதாடத் தெரிந்த ஏஜென்ட் வேண்டும். சுயேச்சைகள் பணத்தைவிட இந்த ஆள் இல்லாமல்தான் அதிகம் தோற்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

வேலை நடக்குமா என்பதற்கு விடை துணைத் தலைவர் தேர்தலில் இருக்கிறது. ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்களிலிருந்து மறைமுகத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள், கடந்த முறை 2020 ஜனவரி 11-ல் நடந்தது. எதிரணி ஆள் அங்கே வந்து கையெழுத்து மறுத்தால், தொட்டி ஆபரேட்டர் சம்பளம், மோட்டார் ரிப்பேர், தெருவிளக்கு எல்லாம் நிற்கும். பிறகு ஆட்சியர் வரை மனு போட்டு அலைய வேண்டும். மேட்டு ஹட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அதுவரை காத்திருக்காது.

இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று உத்தரவிடும் கட்சிக் கொறடாவும் இங்கே கிடையாது, கட்சிக் கட்டுப்பாடும் கிடையாது. கூடலூர் தாண்டிக் கேரளத்தில் உள்ளாட்சிக்கே 1999-லிருந்து கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. அதனால் அக்கா தன் ஓட்டை மட்டும் பார்க்கக் கூடாது. எந்த வார்டில் யார் ஜெயிக்கக்கூடும், அவர்களில் யாரோடு அஞ்சு வருஷம் கையெழுத்துப் போட முடியும் என்று பிரச்சாரத்தின்போதே பேசி வைக்கட்டும்.

ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். கொடுக்காதவர்களை மூன்று வருஷம் தகுதி நீக்கம் செய்கிறார்கள்.